ஆனி மாத பில்

மானியம் என்றால் அரசாங்கம் நமக்குப் பணம் கொடுப்பது என்று அறுபது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். முதலில் நாம் பாங்கில் கடன் வாங்க வேண்டுமாம். கடன் வாங்காதவனுக்கு மானியம் கிடையாதாம். சரி, கடன் வாங்கியாயிற்று, மானியமும் வந்துவிட்டது, கையில் தருவார்களா என்றால் அதுவும் கிடையாது. அதே பாங்கில் நம் பேரில் ஒரு கணக்கில் போட்டு வைப்பார்கள். நாம் அதைத் தொடக்கூடாது. மூன்று வருஷம் தவணையை ஒழுங்காகக் கட்டினால் பாக்கிக் கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆக, வந்த பணம் வரவில்லை, வராத பணம் வந்திருக்கிறது. இதை எனக்கு மூன்று பேர் மூன்று தடவை விளக்கினார்கள். மூன்று தடவையும் "ஓ, அப்படியா" என்று தலையாட்டினேன். இன்றைக்கு யாராவது விளக்கினாலும் தலையாட்டத்தான் முடியும்.

இத்தனைக்கும் நான் ஆபீஸ் தெரியாத ஆள் இல்லை. ரயில்வேயில், ஸ்டோர்ஸ் பிரிவில், முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவன். ஒரு பெட்டி குண்டூசி வாங்குவதற்கும் மூன்று கொட்டேஷன் கேட்டவன். என் மேஜைக்கு வந்த காகிதத்தில் ஒரு முத்திரை குறைந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போவேன். அதனால்தான் முசிறியிலிருந்து என் தங்கை போன் செய்து, "அண்ணே, ஒரு மானியத்துக்கு எழுதிப்போடணும், எனக்கு ஒண்ணும் பிடிபடல, நீங்க கூட இருக்கணும்" என்றபோது, "இதெல்லாம் ஒரு விஷயமா? விடு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் எழுதப்போகிறேன்.

தங்கை என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அவள் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய் நான்கு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. இரண்டு ஏக்கர் வாழை. பாதி பூவன், பாதி கற்பூரவல்லி. அவர் இருந்தவரை வரப்புக்கு மேலே ஏறி நின்று வேடிக்கை பார்த்தவள், அவர் போன பிறகு தனியாக இறங்கிவிட்டாள். தண்ணீர் கட்டுவது, முட்டுக்கொடுப்பது, ஆள் பிடிப்பது எல்லாம் கற்றுக்கொண்டாள். விலை பேசுவது மட்டும் அவள் கையில் இல்லை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் ஒரே மண்டிக்காரர். அவர் ஆள் வந்து தாரைத் தட்டிப் பார்த்து ஒரு விலை சொல்லுவான். வேண்டாம் என்றால், "சரிங்க, அடுத்த வாரம் வரேன்" என்று போய்விடுவான். அடுத்த வாரம் பழம் என்ன, நமக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்? அது பாட்டுக்குப் பழுத்து உதிரும். அப்புறம் அவன் சொன்னதில் பாதி விலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் வெட்டுக்கூலிக்குக் கட்டாது என்று தாரை மரத்திலேயே விட்டுவிட்டாள். அந்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்கப் புளித்த வாடை. சாப்பிடக் கூப்பிட்டாள், எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவள் எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய், வாழைப்பழத்தை உலர்த்தித் தேனில் புரட்டிப் பொட்டலம் போடுவது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்தாள். மொட்டைமாடியில் கொசுவலை கட்டிக் காயவைத்தாள். அதை நான் ஸ்ரீரங்கத்தில், எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடைகள் இரண்டில் கொடுத்துப் பார்த்தேன். கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போனார்கள். பதினைந்து நாளில் கடைக்காரரே போன் செய்து, "இன்னும் இருக்கா சார்?" என்று கேட்டார். என் மனைவி, "முப்பத்து மூணு வருஷத்துல உங்களைத் தேடி வந்த முதல் போன் இது" என்றாள்.

இருந்தால்தானே கொடுப்பது! மாடி வெயிலில் எவ்வளவு காயும்? மேகம் போட்டால் போச்சு, பூஞ்சை பிடித்துவிடும். அவளுக்கு டிரையர் வேண்டும், பொட்டலம் ஒட்டும் மிஷின் வேண்டும், பழத்தை நாலு நாள் கெடாமல் வைக்கச் சின்னதாக ஒரு குளிர்பதன அறை வேண்டும். அது இருந்தால் தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேர் தோட்டத்துப் பழத்தையும் வாங்கிக்கொள்ளலாம். இதற்குத்தான் மானியம். எங்கள் பக்கத்துப் பழத்தை எங்கள் பக்கத்திலேயே பக்குவம் பண்ணி விற்க அரசாங்கமே உதவுகிறது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

விண்ணப்பம் கொடுத்த சூட்டோடு அவள் ஒரு காரியம் செய்தாள். மண்டிக்காரரே நேரில் தோட்டத்துக்கு வந்து, "ஏம்மா, பழத்தைக் காயப்போட்டு என்னத்தக் கிழிக்கப் போற? பேசாம என்கிட்ட போடு" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். இவள், "இனிமே என் தோட்டத்துக்குள்ள உங்க ஆள் கால் வைக்க வேணாங்க" என்று சொல்லிவிட்டாள். போனில் கேட்டபோது, "சபாஷ்!" என்று நான் கத்திய கத்தலில் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. மானியம் வராவிட்டால் மறுபடி அதே மண்டிக்காரர் வாசலில் போய் அவள் நிற்க வேண்டும். அவர் நிற்க வைத்து வேடிக்கை பார்ப்பார்.

விண்ணப்பம் போட உதவியவர் ஒரு சின்னப் பெண். இந்த மானிய வேலைக்கென்றே நியமித்திருக்கிற அலுவலர். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. நான் கேட்ட கேள்விகளுக்கு வேறு யாராவதாக இருந்தால் எழுந்து போயிருப்பார்கள். கம்ப்யூட்டரில் "தொழில் இயங்குகிறதா, புதியதா" என்று ஒரு கேள்வி. மாடியில் கொசுவலை இயங்குகிறதே, அது எதில் சேரும்? "உற்பத்தித் திறன்" என்று ஒரு கட்டம். வெயில் அடித்தால் ஒன்று, அடிக்காவிட்டால் ஒன்று, எதைப் போடுவது? திட்ட அறிக்கை என்று நாற்பது பக்கம் தயார் செய்தார்கள். அதில் ஐந்தாவது வருஷம் என் தங்கைக்கு எவ்வளவு லாபம் வரும் என்று காசு சுத்தமாகப் போட்டிருந்தது. நாளைக்கு மழை வருமா என்பது தெரியாது, ஐந்தாவது வருஷ லாபம் தெரிகிறது! "இது யார் சொன்னது?" என்று கேட்டேன். "நீங்க கொடுத்த கணக்குதான் சார்" என்றது அந்தப் பெண். நான் எப்போது கொடுத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

எப்படியோ வைகாசியில் பாங்கிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேனேஜர், "ஆயிடும் சார், அனுமதிக் கடிதம் வரும்" என்றார். ஆனி பிறந்தது. கடிதம் வரவில்லை. ஆனி பாதி போனது. போய்க் கேட்டால், "ஆயிடும் சார்". எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஆனியில் ஒரே ஒரு நல்ல நாள்தான் பாக்கி. அதை விட்டால் ஆடி. ஆடியில் எவன் புது மிஷினைக் கொண்டுவந்து இறக்குவான்?

ஒன்று சொல்ல வேண்டும். நாள் நட்சத்திர விஷயத்தில் நான் ஒரு மாதிரியான ஆள்தான். செருப்பு வாங்குவதானாலும் காலண்டரைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன். எங்கள் வீட்டில் இதற்காக நான் பட்டிருக்கிற கிண்டலுக்கு அளவே கிடையாது. "ஏங்க, பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு வாங்கினா ஆகாதா? ஊரே வாங்குது" என்றாள் மனைவி. "அது நகை நட்டுக்கு. மிஷினுக்கு இல்ல" என்றேன். இது எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று அவள் கேட்டபோது நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

தங்கைக்குப் போன் போட்டேன். "டிரையரையாவது இந்த நாள்ல எடுத்துடுவோம். பெரிய ஐட்டம் அதுதான். ஆரம்பம் நல்லா இருக்கணும். மத்ததெல்லாம் ஆவணில வாங்கிக்கலாம்."

"கடிதம் வரட்டுமேண்ணே" என்றாள்.

"அதான் ஆயிடும்னு மேனேஜரே சொல்லிட்டாரே. கடிதம் ஆடில வந்து தொலைஞ்சா என்ன பண்ணுவ? ஆவணி வரைக்கும் கைய கட்டிக்கிட்டு உக்காந்திருப்பியா? ஆடில ஆரம்பிச்சு யாரு உருப்பட்டிருக்கா?"

லைன் போய்விட்டதோ என்று, "இருக்கியா?" என்றேன். "இருக்கேண்ணே. சரிண்ணே, எடுத்துடுவோம்" என்றாள்.

பாங்க் கடன் போக அவள் பங்குக்குப் போட வேண்டிய பணம், இருந்த நகை, சீட்டுப் பணம் எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டு அரியமங்கலத்தில் இருந்த மிஷின் கம்பெனிக்கு வந்தாள். நல்ல நேரம் பார்த்து நானே பணத்தைக் கொடுத்தேன். பில் போட்டார்கள். டிரையர் முசிறிக்கு வந்து இறங்கியது. சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தேன். எல்லோருக்கும் கேசரி. தங்கை சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ஆனால் அன்று முழுக்க அவள் அந்த டிரையரைத் தொடவே இல்லை என்பது இப்போது யோசிக்கும்போது தெரிகிறது.

ஆடி மூன்றாம் தேதி கடிதம் வந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த அலுவலர் பெண் முசிறிக்கு வந்தாள். நானும் போயிருந்தேன். டிரையரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "பில் காட்டுங்க சார்" என்றாள். பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தாள். கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"சார், அனுமதிக் கடிதத்துக்கு முன்னாடி வாங்கின எதுவும் திட்டத்துல வராது."

"வராதுன்னா?"

"இதுக்குக் கடனும் கிடையாது, மானியமும் கிடையாது. ஏற்கெனவே அவங்க வச்சிருந்த சொத்துன்னுதான் எடுத்துப்பாங்க."

"ஏம்மா, அது கண்ணு முன்னாடி நிக்குது! ஒட்டின சந்தனம் இன்னும் காயல. இதுக்குத்தானே கடன் கேட்டோம்? இதுக்குத்தானே குடுத்திருக்காங்க?"

"இதுக்குத்தான் சார். ஆனா இதுக்கு இல்ல."

நாற்பது பக்க அறிக்கையில் இதே டிரையர், இதே கம்பெனி, இதே விலை இருக்கிறது. ஆவணியில் வந்திருந்தால் இது டிரையர். ஆனியில் வந்ததால் இது டிரையர் இல்லை. இன்னும் கொடுமை என்னவென்றால், இந்த விதி எனக்குத் தெரியாததும் அல்ல. உத்தரவுக்கு முந்திய தேதியில் பில் வைத்தவர்களை நானே ஆபீசில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். "பின் தேதிக்கு வாங்கியிருக்கக் கூடாதா? அறிவு வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறேன். அந்த அறிவு எனக்கு எங்கே போயிற்று? பஞ்சாங்கத்தைத் திறந்த கையோடு ஆபீஸை மூடி வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

இதைவிடப் பெரிய இடி அதற்கப்புறம் விழுந்தது. அந்தப் பெண் என் தங்கையைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, நீங்க போன்ல கேட்டப்பவே சொன்னேனே, கடிதம் வர்ற வரைக்கும் பில் போட்டுடாதீங்கன்னு?" என்றாள்.

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ம்."

"தெரிஞ்சுதான் பணத்தைக் கொண்டாந்து குடுத்தியா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களேண்ணே" என்றாள். அதோடு காபி போட உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு இதே குடைச்சல். மண்டிக்காரரை மூஞ்சிக்கு நேரே பேசியவள். ஆள் கூலியில் பத்து ரூபாய் கூடக் கேட்டால் விடாதவள். இவள் என் பேச்சுக்கு வாயைத் திறக்காமல், இருந்த நகையை அடகு வைத்து, தப்பு என்று தெரிந்தே ஒரு தப்பைச் செய்வாளா? மரியாதையா? அப்படி ஒரு மரியாதையை நான் கேட்டேனா? கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மிஷின் கம்பெனிக்குப் போய், வெட்கத்தை விட்டு, "பில் தேதியை மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுக்க முடியுமா?" என்று கேட்டேன். ஆபீசில் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். கம்பெனிக்காரர் நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, "சார், ஜிஎஸ்டி ஏறிடுச்சு. ஏறினது ஏறினதுதான். இப்பல்லாம் அப்படிப் பண்ண முடியாது. நாங்களும் பண்றதில்ல" என்றார். டீ வரவழைத்தார். அந்த டீயைக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்புறம் ஒரு வழி கிடைத்தது. அந்த அலுவலர் பெண்தான் பாங்கில் பேசிக் கண்டுபிடித்தாள். டிரையரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவது. மிச்சமிருக்கிற பொட்டல மிஷின், குளிர்பதன அறை இரண்டுக்கும் மட்டும் கடன், அதற்கேற்ற மானியம். தொகை குறையும். டிரையர் தங்கையின் கைக்காசில் போனது போனதுதான். ஆனாலும் தொழில் நடக்கும். மண்டிக்காரரிடம் போக வேண்டாம். "ஆனா ஒண்ணு சார்," என்றாள் அந்தப் பெண், "கெடு ஆடி இருபத்தெட்டோட முடியுது. அதுக்குள்ள அக்கா ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாதான் பாங்க் கம்பெனிக்கு நேராப் பணம் அனுப்பும். தாண்டிட்டா கடிதம் செல்லாது. மறுபடி முதல்லேருந்து."

மறுபடி முதலிலிருந்து என்றால் அடுத்த அறுவடையும் போய்விடும். அடுத்த அறுவடை வரை வைத்துச் சாப்பிட அவளிடம் ஒன்றுமில்லை, எல்லாம் டிரையரில் இருக்கிறது. மண்டிக்காரர் ஆள் ஏற்கெனவே ஒரு நாள் வரப்பில் வந்து நின்று, "என்னக்கா, மிஷின் ஓடுதா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

ஆடியாவது ஒன்றாவது, போட்டுத் தொலை என்று எனக்கே தோன்றிவிட்டது. தங்கைக்குப் போன் செய்து, "நாளைக்கே வந்து போட்டுடு" என்றேன். "பாக்கலாம்ணே" என்றாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால், "ஆள் வருது, தண்ணி கட்டணும்". பதினெட்டாம் பெருக்கு வந்தது. "இன்னிக்கு நல்ல நாள், வந்துடு" என்றேன். "அது நகைக்குத்தானேண்ணே" என்றாள். நான் மனைவியிடம் சொன்னதை மனைவி அவளிடம் சொல்லியிருக்கிறாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. என் மேல் கோபமா? கோபம் என்றால் திட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? காசு போன வேதனையா? அப்படியென்றால் மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ள ஓடிவர வேண்டாமா? வேண்டாம் என்று கைகழுவிவிட்டாளா? கைகழுவியவள் தினம் மாடியில் கொசுவலை கட்டிப் பழம் காயவைத்துக்கொண்டிருப்பாளா? அந்த டிரையருக்கு மின் இணைப்பு கொடுக்க ஆள் வந்தபோதும் "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டாளாம். என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

கெடு முடிகிற நாள் வந்தது. செவ்வாய்க்கிழமை. காலையில் அந்த அலுவலர் பெண் எனக்குப் போன் செய்தாள். குரல் கெஞ்சியது. நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முசிறி பஸ்ஸில் ஏறினேன். தங்கை வீட்டு வாசலில் நின்று, "கிளம்பு" என்றேன். புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு பஸ் பிடித்து அரியமங்கலம் வந்து சேர்ந்தபோது மணி மூன்றேகால். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம் என்பது எனக்கு உறக்கத்திலும் தெரியும். ஐந்து மணிக்குள் ஆர்டரை பாங்குக்கு அனுப்ப வேண்டும். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, ராகு காலம். இதைவிட மோசமாக ஒரு நேரத்தைத் தேடினாலும் கிடைக்காது.

கம்பெனிக்காரர் ஆர்டரை மேஜைமேல் வைத்தார். பேனாவையும் வைத்தார். தங்கை பேனாவை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்காரர் என்னைப் பார்த்தார், நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் நாகரிகமாக எழுந்து வெளியே போனார்.

"போடும்மா" என்றேன்.

"போடறேண்ணே. அப்புறம் சொல்ல மாட்டீங்களே?"

"என்ன சொல்ல மாட்டேன்?"

"அப்பவே சொன்னேன்னு."

"எப்பவே? எதைச் சொன்னேன்?" உண்மையிலேயே எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அவள் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு பழம் ஏத்திக்கிட்டுப் போகச் சின்னதா ஒரு லோடு வண்டி வாங்கினாருல்ல. ஆடில வாங்கினாரு. நீங்க வேணாம்னீங்க. அதுக்கு எட்டாம் மாசம் அவரு போயிட்டாரு. கூடத்துல கிடத்தியிருந்தப்ப நீங்க வந்தீங்க. வந்து நின்னு, எல்லார் முன்னாடியும், அப்பவே சொன்னேன், ஆடில வேணாம்னு, கேட்டாதானேன்னு சொன்னீங்க."

"நான் சொன்னேனா?"

"சொன்னீங்கண்ணே."

எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அழுதது ஞாபகம் இருக்கிறது. மாலை வாங்க மறந்துவிட்டு மறுபடி கடைக்கு ஓடியது ஞாபகம் இருக்கிறது. இது இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். எனக்கு என் வாயைத் தெரியும்.

"வண்டி வாங்கச் சொன்னது நான்தாண்ணே," என்றாள். "அவருக்கு இஷ்டமே இல்ல. ஆவணில பாத்துக்கலாம்னாரு. நான்தான் நச்சரிச்சு வாங்க வச்சேன். அது யாருக்கும் தெரியாது. நீங்க சொன்னதும், நாமதான் கொன்னுட்டோம்னு எனக்கு…" புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு சொன்னது சரின்னு தெரியும். காசு போனா போகட்டும், மறுபடி நீங்க அப்படிச் சொல்லிக் கேக்க என்னால முடியாதுன்னுதான் ஆனியிலயே வாங்கினேன்."

மாரடைப்புக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம், அதற்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த வாயால் சொல்லுவது? நான்கு வருஷம். அவள் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பேன்! எத்தனை தடவை நாள் பார்த்துச் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும், "சரிண்ணே" என்றிருக்கிறாள்.

"அது என் வாய்க்கொழுப்பும்மா," என்றேன். "அவரு போனதுக்கு நீ காரணம் இல்ல. நான் சொன்னது தப்பு. அசிங்கமான தப்பு."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பி என் பக்கமாகத் தள்ளினாள். அடியில் சாட்சி என்று ஓர் இடம் இருந்தது. பேனாவை நீட்டி, "முதல்ல நீங்க போடுங்க" என்றாள்.

சாட்சி முதலில் போடக் கூடாது. கையெழுத்துக்குத்தான் சாட்சி, கையெழுத்தே இல்லாமல் எதற்குச் சாட்சி? என் மேஜைக்கு வந்திருந்தால் இந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். மணி நான்காக ஐந்து நிமிஷம், ராகு காலம் இன்னும் முடியவில்லை. பேனாவை வாங்கி என் பெயரை எழுதி, கீழே தேதி போட்டு, தேதிக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதி, அவளிடம் கொடுத்தேன்.